சுவைஞர் நகை

தமிழ் வகுப்பறைகளில் ஆண்டுதோறும் தவறாமல் எழுதப்படும் கட்டுரைகள் மூன்று உண்டு. ‘எனக்குப் பிடித்த விளையாட்டு’, ‘இசையின் பயன்’, ‘நான் கண்டு மகிழ்ந்த திரைப்படம்’ என்பன அவை. இவற்றைக் கட்டுக்கட்டாகத் திருத்திய ஆசிரியர்கள் ஓர் உண்மையை உணர்ந்திருப்பர். பிடித்த விளையாட்டைப் பற்றிய கட்டுரையில் பிடிப்பு இராது. கண்டு மகிழ்ந்த படத்தைப் பற்றிய கட்டுரையில் மகிழ்ச்சி இராது. கால்பந்து உடலுக்கு உறுதி தரும், இசை மனத்தைத் தூய்மை செய்யும், திரைப்படத்தில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு, ஈற்றில் ஒரு குறட்பா, கட்டுரை முற்றும். அதே மாணவன், ஓய்வு மணி அடித்ததும், சிற்றுண்டிச் சாலையில் நண்பர் நால்வர் வயிறு குலுங்கச் சிரிக்கும்படி முந்தைய நாள் ஆட்டத்தை நடித்துக் காட்டுவான். தான் ஆதரிக்கும் குழு தோற்றமைக்கு நடுவர், மழை, புல் ஆகிய மூவரும் சேர்ந்து செய்த சதியே காரணம் என்று நிறுவுவான். நாவில் இருந்த சுவை தாளுக்கு வருமுன் எங்கே சிந்திப் போயிற்று?

கட்டுரை என்பது சிரிப்புக்குரிய இடமன்று என்னும் எண்ணமே இதற்கு முதற்காரணம். இவ்வெண்ணத்திற்குத் தமிழ் மரபில் ஆதாரம் இல்லை. எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறப்புகுந்த தொல்காப்பியர், அழுகைக்கும் பெருமிதத்திற்கும் முன்னதாக நகையையே முதற்கண் நிறுத்தினார். அந்நகை பிறக்கும் நிலைக்களன்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு என்பதும் அவர் வகுத்ததே. இதற்கு உரை கண்ட பேராசிரியர் ஒரு நுட்பம் கூறுகிறார். எள்ளல் என்பது தான் பிறரை எள்ளி நகுவதும் ஆகும். பிறர் தன்னை எள்ளியபோது தான் நகுவதும் ஆகும். அதாவது, சிரிப்புக்கு இரு திசைகள் உண்டு. மடன் என்பதற்குப் பழைய உரைகள் தரும் பொருள் இன்னும் சுவையானது. பிறர் கற்பித்ததை ஏற்றுக்கொண்டு, ஏற்றுக்கொண்டதை விடாமையே மடம். ஒரு திரைப்பட நடிகரின் சுவைஞனுக்கோ, ஒரு காற்பந்துக் குழுவின் ஆதரவாளனுக்கோ, ஒரு பாடகரின் பின்னே ஊர் ஊராகச் செல்லும் இசையன்பனுக்கோ இதனினும் பொருத்தமான இலக்கணத்தை இன்றைய உளநூலார் தந்துவிடவில்லை. தந்தை ஆதரித்த குழுவை மகன் ஆதரிக்கிறான். அக்குழு ஆண்டுதோறும் தோற்கிறது. அவன் கொண்டது விடுவதில்லை.

சுவைஞரைப் பற்றிய நகைச்சுவைக் கட்டுரையை மதிப்பிடுதற்கு இவ்விரண்டு கருத்துகளே அளவுகோலாக அமையும். எழுதுபவன் பிறருடைய மடத்தை மட்டும் எள்ளுகிறானா, தன்னுடைய மடத்தையும் ஒப்புக்கொள்கிறானா என்பதே கேள்வி. முன்னது எவர்க்கும் எளிது. பின்னது வாய்த்தபோதுதான் கட்டுரை திறனாய்வாகிறது.

இத்துறையில் தமிழ் உரைநடைக்கு வழி அமைத்தவர் கல்கி. ‘ஏட்டிக்குப் போட்டி’ என்னும் நகைச்சுவைக் கட்டுரையால் ஆனந்த விகடன் வாசகர்க்கு அறிமுகமாகி, பின்னர் அவ்விதழின் ஆசிரியப் பொறுப்பேற்ற அவர், ‘ஆடல் பாடல்’ என்னும் பகுதியில் கச்சேரிகளையும் நடன நிகழ்ச்சிகளையும் விமரிசித்தார். அதற்கு அவர் சூட்டிக்கொண்ட புனைபெயர் ‘கர்நாடகம்’. இப்பெயரை இசைமுறையின் பெயர் என்று மட்டும் கருதிக் கடந்துவிடுவோர் பலர். பேச்சுவழக்கில் ‘சுத்தக் கர்நாடகம்’ என்றால் காலத்தோடு ஒட்டாத பழம்பஞ்சாங்கம் என்று பொருள். வித்துவான்களையும் சபைகளையும் சீர்தூக்க வந்தவர், தம்மைத் தாமே பழம்பஞ்சாங்கம் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டார். எதிர்த்துப் பேச வருவோர் கையிலிருந்த கல்லை வாங்கித் தம் தலையிலேயே மெல்லத் தட்டிக்கொண்ட செயல் அது. அதன்பின் அவர் எவரை எள்ளினாலும், எள்ளப்படுவோர் வரிசையில் அவரும் ஓர் இருக்கையில் அமர்ந்திருந்தார்.

சபையில் சிரிப்புக்குரிய பொருளுக்குப் பஞ்சமில்லை என்பது கச்சேரி கேட்டோர் அறிந்ததே. தாளம் தவறாகப் போடுபவர் எப்பொழுதும் முதல் வரிசையிலேயே அமர்வார். அதனையும் தம் தொடையோடு நில்லாமல் பக்கத்து நாற்காலியிலும் போடுவார். பாடகர் இராகத்தைத் தொடங்கிய நொடியிலேயே அதன் பெயரை அடுத்தவர் காதில் ஓதுவார் ஒருவர். அது வேறு இராகம் எனத் தெரிந்ததும், பாடகர் வழி தவறிவிட்டதாகத் தலையை அசைப்பார். மிருதங்கக்காரரின் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் சிற்றுண்டிச் சாலையை நோக்கி ஒரு படையே பெயரும். இவற்றை எழுதிச் சிரிக்க வைப்பது பெரிய வித்தையன்று. அக்காலத் துணுக்கு எழுத்தாளர் பலரும் செய்தனர். கல்கியின் சிறப்பு வேறு. அவருடைய சிரிப்புக்குள்ளே ஒரு வழக்கு இருந்தது. தமிழர் நிறைந்த அவையில் தமிழர் ஒருவர் பாட, பாடப்படும் மொழி பாடுவோர்க்கும் கேட்போர்க்கும் விளங்காதிருக்க, இருசாராரும் உருகித் தலையசைப்பது தகுமா என்பதே அவ்வழக்கு. 1940களில் தமிழிசை இயக்கம் வலுப்பெற்று, 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றிய காலத்தில், கல்கியும் இரசிகமணி டி.கே.சி.யும் அவ்வியக்கத்தின் முன்னணியில் நின்றனர். ஆண்டுக்கணக்காக வாசகரைச் சிரிக்க வைத்த பழக்கம் அப்போது கல்கிக்குக் கைகொடுத்தது. விளங்காத பாட்டுக்கு உருகுவதில் உள்ள வேடிக்கையை முன்னரே கண்டுவிட்ட வாசகனுக்கு, வாதத்தின் முற்பாதியைப் புதிதாக விளக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

எனினும் நகைச்சுவை வாதத்திற்கு உள்ள ஓர் இடர்ப்பாட்டையும் இங்குச் சுட்டியாக வேண்டும். அது இருபுறமும் வெட்டும். பொருள் விளங்காத பாட்டுக்குத் தலையசைப்பவன் நகைப்புக்குரியவன் என்றால், சொல்லே இல்லாத நாகசுர இசைக்குக் கண்ணீர் வடிப்பவன் எத்தகையவன்? தோடியை நள்ளிரவு வரை கேட்டு மயங்கிய ஊரார் எந்தச் சொல்லின் பொருளை உணர்ந்து மயங்கினர்? எதிர்த்தரப்பினர் இக்கேள்வியை எழுப்பியதில் நியாயம் இருந்தது. தமிழ்ப் பாட்டு மேடையில் உரிய இடம் பெறவேண்டும் என்னும் கல்கியின் முடிவு சரியானது. ஆனால் அம்முடிவுக்கு அவரை ஏற்றிவந்த வேடிக்கை அவ்வளவு உறுதியான வண்டியன்று. சிரித்துக்கொண்டே உடன்பட்ட வாசகன், எதற்கு உடன்பட்டோம் என்று வீட்டுக்குப் போனபின்தான் யோசிப்பான்.

கல்கியின் நகை எங்கே உச்சம் தொட்டது, எங்கே தடுமாறியது என்பதை ஒரே கட்டுரையில் காண விரும்பும் மாணவர்க்கு, 1935இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ திரைப்படத்தைப் பற்றி ஆனந்த விகடனில் அவர் எழுதிய விமரிசனம் ஏற்ற சான்று. அப்படத்தில் நந்தனாராகத் தோன்றியவர் கே.பி. சுந்தராம்பாள். வேதியராக நடித்தவர் கச்சேரி மேடையில் பெரும்புகழ் பெற்ற மகாராஜபுரம் விசுவநாதையர். சுந்தராம்பாளுக்கு அளிக்கப்பட்ட ஒரு லட்ச ரூபாய் ஊதியம் நாடெங்கும் பேச்சாயிருந்தது. படம் திரைக்கு வருமுன்பே ஊதியம் திரைக்கு வந்துவிட்டது எனலாம். இத்தனை ஆரவாரத்திற்குப் பின் வந்த படத்தைக் கண்டு கல்கி எழுதியதன் சாரம் இன்றும் நினைவுகூரப்படுகிறது. படத்தில் மனிதரைக் காட்டிலும் மரங்களும் கால்நடைகளும் நன்றாக நடித்திருந்தன என்பது அது.

இதில் உள்ள திறனாய்வை முதலில் மதிக்க வேண்டும். இது வெறும் வசையன்று. நாடக மேடையிலிருந்தும் கச்சேரி மேடையிலிருந்தும் நேரே வந்தவர்கள், படப்பிடிப்புக் கருவியின் முன்னும் மேடையில் நிற்பதுபோலவே நின்றனர். பாட்டு வரும்வரை காத்திருந்து, பாட்டு வந்ததும் பாடி, பாட்டு முடிந்ததும் மீண்டும் காத்திருந்தனர். பேசும்படம் தோன்றிய முதற் பத்தாண்டுகளில் தமிழ்த் திரைக்கு இருந்த தலையாய குறை அது. கருவிக்காகத் தன்னை மாற்றிக்கொள்ளாமல் இயல்பாக இருந்தவை மரமும் மாடும்தாம். ஆகவே அவை நன்றாக நடித்தன என்பது நகைச்சுவையாகவும் உண்மையாகவும் ஒருங்கே நிற்கிறது. திரைநடிப்பின் தன்மை பற்றி நாற்பது பக்கங்களில் எழுதியிருந்தாலும் இவ்வளவு தெளிவாக அக்கால வாசகர்க்கு விளங்கியிராது.

ஆயினும் அதே சிரிப்பு காணத் தவறியதும் உண்டு. சுந்தராம்பாளின் கணவரும் மேடையில் அவருக்கு இணையாக நின்றவருமான எஸ்.ஜி. கிட்டப்பா 1933இன் இறுதியில் மறைந்தார். சுந்தராம்பாள் வெள்ளுடை பூண்டு மேடையை விட்டு விலகினார். இனி ஆண்களோடு இணைந்து நடிப்பதில்லை என்று உறுதி கொண்டிருந்தார். அவர் ஆண் வேடம் தாங்கி நந்தனாராகத் தோன்றியதற்குப் பின்னே இத்துயரமும் உறுதியும் இருந்தன. திரையில் அசையாது நின்ற அவ்வுருவில் பயிற்சியின்மை ஒரு பாதி என்றால், துக்கம் மறுபாதியாக இருந்திருக்கக்கூடும். ஊதியத்தைக் கண்டு எழுந்த எள்ளல், உடையின் வெண்மையைக் காணவில்லை. இங்கே சிரிப்பு ஒரு திசையிலேயே சென்றது. ‘கர்நாடகம்’ என்று தம்மையும் சேர்த்துச் சிரித்துக்கொண்ட அந்தப் பழம்பஞ்சாங்கம் இக்கட்டுரையில் தம் இருக்கையை விட்டு எழுந்து, மேடைமேல் ஏறி நின்றுவிட்டார்.

காலம் இதற்கு ஒரு பின்னிணைப்பு எழுதியது. அந்த விமரிசனத்தை வெளியிட்ட ஆனந்த விகடனின் உரிமையாளர் எஸ்.எஸ். வாசன், 1953இல் தம் ஜெமினி நிறுவனத்தின் வழியாகப் பெரும்பொருட் செலவில் ‘ஔவையார்’ படத்தை வெளியிட்டார். கதைத்தலைவி சுந்தராம்பாள். அதில் அவருடைய நடை, நிலை, குரல் ஆகிய அனைத்தும் பாத்திரத்தோடு ஒன்றின. நந்தனாரில் குறையாகத் தோன்றிய அசைவின்மையே ஔவையில் வீறாகத் தோன்றியது. யானைகளும் அப்படத்தில் நடித்தன. ஆனால் அவற்றுக்குப் பரிசளிக்க இம்முறை எவரும் முன்வரவில்லை.

திரைப்படச் சுவைஞரின் மடத்திற்கு மலாயாத் தமிழர் வாழ்வில் தனி இடம் உண்டு. தோட்டப்புறத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய காலந்தொட்டு, எம்.ஜி.ஆர். பக்கம், சிவாஜி பக்கம் என்று லயங்களும் குடும்பங்களும் பிரிந்து நின்றமை முதியோர் பலரும் அறிந்தது. இவ்விருவரும் சேர்ந்து நடித்த ஒரே படம் 1954இல் வந்த ‘கூண்டுக்கிளி’. பின்னர் அவர்கள் ஒரு படத்திலும் இணையவில்லை. காரணங்கள் பல கூறப்படினும், எந்த அடி எவர் மேல் விழலாம் என்று இருதரப்புச் சுவைஞர்க்கும் ஒருசேர மனநிறைவு அளிக்கும் கதையை எந்த ஆசிரியனாலும் எழுதியிருக்க முடியாது என்பதும் ஒன்றாகும்.

இவ்வகை மடத்தையே கதைப்பொருளாக்கி வெற்றி பெற்றது ‘தில்லானா மோகனாம்பாள்’. கலைமணி என்னும் பெயரில் கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் தொடராக எழுதி, 1968இல் ஏ.பி. நாகராஜன் இயக்கத்தில் படமானது அது. நாகசுரமா நாட்டியமா என்னும் போட்டியில் காதல் முளைப்பது அதன் கதை. இக்கதையில் நாகேஷ் ஏற்ற வைத்தி பாத்திரத்தைச் சற்று நிறுத்தி நோக்கினால், கலையுலகின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வாழும் ஒருவகை மனிதனின் முழு வரலாறும் தெரியும். அவன் கலையைச் சுவைப்பவன் அல்லன், சுவைப்பவர்களைச் சுவைப்பவன். மனோரமாவின் ஜில்ஜில் ரமாமணியோ நேர் எதிரானவள். அவள் தன் கலையின் எளிமையை அறிந்தவள். பெரிய கலைஞனின் முன் தன்னைத் தானே நகைத்துக்கொள்ளத் தெரிந்தவள். ஒரே படத்தில் சிரிப்பின் இரு திசைகளும் இரு பாத்திரங்களாக நடமாடுகின்றன. வகுப்பில் மெய்ப்பாட்டியல் நடத்தும் ஆசிரியர்க்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டு அமைவதரிது.

கல்கிக்குப் பின் இத்துறையில் குறிப்பிடத்தக்கவர் சுஜாதா. 1960களின் நடுவிலிருந்து கணையாழியின் கடைசிப் பக்கத்தில் அவர் எழுதிவந்த குறிப்புகளில் இசை, திரைப்படம், புதுக்கவிதை எனக் கண்ணில் பட்ட அனைத்தும் இடம்பெற்றன. கல்கி வாசகனை அமரவைத்துக் கதை சொன்னார். சுஜாதா நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போனார். சுருக்கம் அவருக்கு வலிமை தந்தது. சில இடங்களில் அச்சுருக்கமே தீர்ப்பைத் தந்து காரணத்தை விழுங்கிவிட்டது. அவரைப் பின்பற்றிய பலர்க்குக் காரணம் முதலிலிருந்தே இல்லாமற் போயிற்று.

விளையாட்டைப் பற்றிய தமிழ் நகைச்சுவைதான் மிகவும் குறைவு. ஆங்கிலத்தில் நெவில் கார்டஸ் என்பார் ஒரே நாளிதழுக்காகக் கிரிக்கெட்டையும் இசையையும் மாறி மாறி விமரிசித்துப் பெயர் பெற்றார். பந்தடிப்பவனின் கைவீச்சில் ஓர் இராகத்தையும், இசைக்குழுத் தலைவனின் கோலில் ஒரு மட்டையையும் கண்டவர் அவர். ஆட்டக்காரர் வாயில் அவர் வைத்த சொற்கள் அனைத்தும் அவர்களே சொன்னவை அல்ல என்பதும் பின்னர்த் தெரியவந்தது. தமிழில் இவ்வாறு ஒருவர் தோன்றவில்லை. சுஜாதாவின் ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ தொகுப்பில் வரும் ‘பேப்பரில் பேர்’ போன்ற சிறுகதைகளிலும், சிக்கந்தராபாத் இளைஞன் ஒருவனின் கிரிக்கெட் ஆட்டத்தோடு நாட்டின் வரலாறும் பின்னிச் செல்லும் அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ நாவலிலும் இதற்கான சாயல்களைக் காணலாம். ஆனால் அவை கிரிக்கெட்டைப் பற்றியவை. மலேசியா, சிங்கப்பூர்த் தமிழரின் உயிர்நிலை காற்பந்தில் இருந்தது. சிங்கப்பூரில் 1973இல் திறக்கப்பட்டு 2007இல் மூடப்பட்ட பழைய தேசிய விளையாட்டரங்கில் எழுந்த கூச்சலுக்கே ‘காலாங் முழக்கம்’ என்று தனிப்பெயர் வழங்கியது. அம்முழக்கத்தில் தமிழ்க் குரலும் கலந்திருந்தது. அக்குரல் சொன்னவற்றை ஏட்டில் ஏற்றுவாரில்லை. செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்திற்குக் கோல் எண்ணிக்கையைச் சொல்லவே இடம் போதவில்லை. இலக்கிய இதழுக்கோ காற்பந்து இலக்கியமாகத் தோன்றவில்லை. இரண்டுக்கும் இடையே ஒரு தலைமுறையின் சிரிப்பு காற்றோடு போயிற்று.

அச்சிரிப்பு எத்தகையது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். 1980 ஏப்ரலில் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் மலேசியக் குழு தென்கொரியாவை 2-1 என்னும் கணக்கில் வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குத் தகுதி பெற்றது. அக்காலக் குழுவின் கோல்காவலர் ஆர். ஆறுமுகம்; நீண்ட கைகளால் ‘ஸ்பைடர்மேன்’ என்று பெயர் பெற்றவர். ஆனால் ஆப்கானிஸ்தான் சிக்கலை முன்னிட்டு மலேசியா அவ்விளையாட்டுகளைப் புறக்கணித்தது. வென்ற குழு வீட்டில் இருந்தது. 36 ஆண்டுகள் கழித்து, 2016இல் ‘ஓலா போலா’ என்னும் மலேசியத் திரைப்படம் அக்குழுவின் கதையைத் தழுவி வெளிவந்தது. முத்து என்னும் தமிழ்க் கோல்காவலர் பாத்திரமும் அதில் உண்டு. அரங்கில் இருந்து பார்த்தவர்களும் பின்னர்ப் பிறந்தவர்களும் அப்படத்தை ஒன்றாக அமர்ந்து கண்டு அழுதனர், சிரித்தனர்.

இந்நிகழ்ச்சியைப் பற்றி ஒரு மாணவன், ‘நாட்டுப்பற்றும் விளையாட்டும் இரு கண்கள்’ என்று எழுதினால் அவனுக்கு மதிப்பெண் உறுதி. மற்றொருவன், ‘என் தாத்தா கணக்குப்படி மாஸ்கோவில் மலேசியா ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை’ என்று எழுதுகிறான் என்று கொள்வோம். இவ்வாக்கியத்தில் ஏமாற்றம் உள்ளது. ஏமாற்றத்தை மறைக்கும் வீம்பு உள்ளது. அவ்வீம்பைக் கண்டு சிரிக்கும் பேரனும், அச்சிரிப்பினூடே தாத்தாவின் மீது அவன் கொண்ட அன்பும் உள்ளன. தாத்தா கொண்டது விடாதவர். பேரனும் அவ்வாறே ஆகப்போகிறவன் என்பது அவனுக்கே தெரிந்திருக்கிறது. பெரும்பாலான தாள்களில் இத்தகைய வாக்கியத்தைச் சிவப்பு மை வட்டமிட்டு, ஓரத்தில் ‘தேவையற்றது’ என்று எழுதிவிடுகிறது. அம்மையை மூடிவைத்துவிட்டு, அவ்வாக்கியம் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கனுள் எதில் அடங்கும் என்று அவனையே எழுதிவரச் சொல்லலாம். அவன் நான்கிலும் என்று எழுதிவருவானாயின், அதனைத் தவறென்று சொல்ல எந்த உரையாசிரியரும் துணைக்கு வரமாட்டார்.